தொட்டி நாங்க தர்றமுங்க

செடி விற்கிற மற்றவர்கள் எல்லோரும் "மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். "தயவுசெய்து மறந்துவிடுங்கள்" என்று கெஞ்சி அனுப்புவது சக்குலன்ட் விற்கிற எங்கள் பிழைப்பில் மட்டும்தான்.

துடியலூரில் என் வீட்டு மொட்டை மாடிதான் நர்சரி. இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்குமே, அந்தச் சின்னச் செடிகள்தான் என் சரக்கு. இதைப் படிக்கிற உங்கள் வீட்டு ஜன்னலோரத்திலும் ஒன்று அழுகிப்போய், தொட்டி மட்டும் மிஞ்சியிருக்கும். வருத்தப்படாதீர்கள். கோயமுத்தூரில் பாதிப்பேர் வீட்டில் அதே கதைதான், அந்தப் பாதிப்பேரையும் எனக்குத் தெரியும். கொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொல்லப்போனால் இவ்வளவு நல்லவர்களாக இருப்பதுதான் சிக்கல்.

மீதித் தண்ணீர்

வடவள்ளியில் ஒரு கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். ஒரே ரகச் செடியை மூன்றாவது தடவையாக வாங்க வந்தார். "நான் தண்ணியே ஊத்தறதில்லீங்க, ஆனாலும் அழுகிப்போகுது" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. மண் குறையா, வெயில் குறையா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் அவர் வீட்டுக்கே போனேன். செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு சொம்பு தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் அப்படித்தான். கேபிள்காரர் வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி, வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீர். அதிலும் டீச்சர் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். குடித்தேன், இனித்தது. பாதியை வைத்துவிட்டேன்.

பேசிக்கொண்டே டீச்சர் அந்தச் சொம்பை எடுத்தார். எழுந்து போகக்கூட இல்லை. டீப்பாய் மேலிருந்த செடியில் மீதியைச் சாய்த்துவிட்டு, டியூஷன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்ந்தார். அவர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு, "டீச்சர், இதுதாங்க காரணம்" என்றேன். அவர் சொம்பைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார்: "வர்றவிங்க எல்லாரும் குடிக்கறாங்க, அது மட்டும் பாத்துட்டே இருக்குதுங்களே."

நிற்காத மண்

பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி வைத்திருக்கிறார் ரங்கசாமி அண்ணன். மணலில் அச்சு பிடித்து, இரும்பை உருக்கி ஊற்றி, தண்ணீர் பம்புகளுக்கு வேண்டிய உறுப்புகளை வார்த்துக் கொடுக்கிற பட்டறை. ஆபீஸ் மேஜைக்கு ஒரு செடி வேண்டுமென்று வந்தவர், நான் கலந்து குவித்து வைத்திருந்த மண்ணைக் கண்டதும் செடியை மறந்துவிட்டார். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் முகம் வாடிவிட்டது. மறுபடி ஒரு பிடி. மறுபடி உதிர்ந்தது. "இதுல ஒரு அச்சுக்கூட நிக்காதுங்களே அம்மணி" என்றார், எனக்காக வருந்துகிற குரலில்.

பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும் என்பது அவர் மண்ணுக்கு இலக்கணம். பிடித்தால் உதிர வேண்டும் என்பது என் மண்ணுக்கு. ஆற்று மணல், செங்கல் நொறுக்கு, கரித்துண்டு எல்லாம் தாராளமாகவும், நார்த்தூளும் தொழு உரமும் பேருக்குக் கொஞ்சமாகவும் போட்டுக் கலப்பதே தண்ணீர் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்றுதான் என்று விளக்கினேன். இன்னொரு பிடி எடுத்து விரல்களுக்கு நடுவே உதிரவிட்டுக்கொண்டே சொன்னார்: "நானும் பட்டறை போட்ட நாள்லருந்து நிக்கற மண்ணையே தேடீட்டு இருக்கறனுங்க. நிக்காத மண்ணையும் ஒருத்தர் இத்தனை பாடுபட்டுச் செய்வாங்கன்னு இன்னைக்குத்தான் பாக்கறேன்."

ரிஜெக்ட்

அதற்கப்புறம் ரங்கசாமி அண்ணன் வாரம் தவறாமல் வந்தார். ஒரு தடவை வண்டியிலிருந்து துருப்பிடித்த இரும்புச் சாமான் நாலைந்தை இறக்கினார். பம்பின் வெளிக்கூடுகள், வார்ப்பில் காற்றுக் குமிழி புகுந்து ஓட்டை விழுந்ததால் கம்பெனி திருப்பி அனுப்பியவை. உருக்கத்தான் வைத்திருந்தாராம். என் செடித் தொட்டிகளின் அடியில் ஓட்டை இருப்பதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லையாம். ஒன்றில், தடித்த சின்ன இலைகளுள்ள ஜேட் செடியை நட்டுக் காட்டினேன். நத்தை ஓடு மாதிரி சுருண்ட அந்தக் கூட்டின் வாயிலிருந்து பச்சை இலைகள் எட்டிப் பார்த்தன. அவ்வளவு அழகாக ஒரு தொட்டியை நான் காசு கொடுத்து வாங்கியதே இல்லை.

அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேட்டி நுனியால் ஓரத்தைத் துடைத்தார். ஒரு தாய் பரீட்சையில் தோற்ற பிள்ளையின் ஓவியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்ககிட்ட ஓட்டை இருந்தா ரிஜெக்ட்டுங்க, உங்ககிட்ட ஓட்டை இல்லாட்டி ரிஜெக்ட்டு. கெடக்கற எடந்தான் மாறியிருக்குது."

வேலியும் சபையும்

சிந்து என் பழைய வாடிக்கை. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் அறை. சம்பளம் வந்த வாரம் ஒரு செடி வாங்குவாள். அவளிடம் போன ஒன்றுகூடச் செத்ததாகச் சரித்திரம் இல்லை. கல்யாணம் நிச்சயமானதும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கொரு ஜேட் செடி கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "ஹாஸ்டல்ல காலையில எந்திரிச்சாப் பாக்கறதுக்கு எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சுங்க்கா. அதையே எல்லாருக்கும் குடுக்கோணும்" என்றாள். வேறு எதற்கும், புடவைக்கோ நகைக்கோகூட, அவள் வாய் திறக்கவில்லையாம்.

அப்பாவுக்கு உடுமலைப்பேட்டைக்கும் தாராபுரத்துக்கும் நடுவே தென்னந்தோப்பு, கொப்பரைக் களம். நான் கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். குரல் உயரவே இல்லை. "தேங்காத் தோப்பு வெச்சிருக்கறவன் ஊட்டுக் கல்யாணமுங்க. எங்கய்யன் காலத்துல இருந்து எங்க ஊட்டு விசேசத்துல எங்க காய்தான். அதை எடுத்துப்போட்டு வேறொண்ணு குடுத்தா, தோப்பு என்னாச்சுன்னுதானுங்க கேப்பாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. மகளுக்கு இருப்பது ஒரே ஆசை, அப்பாவுக்கு இருப்பது ஒரே கௌரவம், நடுவில் நான் செடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முள்ளே இல்லாத செடி என்று தொட்டுக் காட்டினேன். அவரும் மரியாதைக்குத் தொட்டுப் பார்த்தார். எழுந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "கள்ளின்னா வேலியில வெக்கறதுங்க அம்மணி, சபையில வெக்கறதில்லீங்."

சாக்கில் வந்தது

அவ்வளவுதான், ஆர்டர் போயிற்று என்று நினைத்தேன். சில நாள் கழித்து அவரே போன் செய்தார். "புள்ள ஆசைப்படறா, செடி செஞ்சுபோடுங்க. தொட்டி மட்டும் நாங்க தர்றமுங்க" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். செடிகளைத் தட்டுகளில் பதியம் போட்டு வேர் பிடிக்க வைத்தேன். தொட்டி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணம் நெருங்கியபோது ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. சாக்கு சாக்காக இறக்கினார்கள். பூந்தொட்டியை யாராவது சாக்கில் கட்டுவார்களா என்று அவிழ்த்துப் பார்த்தால், அத்தனையும் கொட்டாங்குச்சி. கொப்பரை எடுத்துவிட்டு மிஞ்சிய பாதி பாதி ஓடுகள். எங்கள் பக்கம் அதற்குப் பேர் தேங்காய்த் தொட்டி. பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். ஆனாலும் போனில் கேட்டபோது அது என் மண்டையில் ஏறவே இல்லை.

போன் செய்தேன். "அண்ணா, நான் நெனச்சது பூந்தொட்டிங்க." அந்தப் பக்கம் அமைதியாக, "தேங்காத் தொட்டியும் தொட்டிதானுங்களே அம்மணி" என்றார். புதிதாகத் தொட்டி சொல்லி வரவழைக்க நாள் இல்லை. சிந்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் குரல் உடைந்து வந்தது: "அவரு வேண்டாம்னு நேரா சொல்ல மாட்டாருங்க்கா. இப்படித்தான் சொல்லுவாரு."

மூன்று கண்

அன்று சாயங்காலம் ரங்கசாமி அண்ணன் வந்தபோது நான் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு தொட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேங்காய்க்கு மூன்று கண் உண்டல்லவா, அது இருக்கிற பாதி. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு கண்ணில் அழுத்தினார், அசையவில்லை. இரண்டாவதில் அழுத்தினார், அதுவும் இல்லை. மூன்றாவதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. உள்ளே என் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிய வேகத்தில் கீழே வந்து சேர்ந்தது. கண் இல்லாத மற்றப் பாதிகளை அவரே பட்டறைக்கு எடுத்துப்போய், இரும்பைத் துளைக்கிற எந்திரத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஓடு வட்டமாக இருப்பதால் வைத்தால் உருண்டது. சிந்து லீவு போட்டுவிட்டு வந்தாள். பானைக்கு அடியில் வைப்போமே பிரிமணை, அதுபோல் தென்னங்கயிற்றில் சின்னச் சின்ன வளையம் சுற்றினோம். கயிறு போதவில்லை என்று அவள் அப்பாவுக்குச் சொன்னாள். மறுநாள் காலை பஸ்ஸில் ஒரு கட்டுக் கயிறு வந்து சேர்ந்தது. எதற்கென்று அவர் கேட்கவே இல்லை.

செடி நட்டு முதல் வரிசை அடுக்கியதும் மூவரும் தள்ளி நின்று பார்த்தோம். கறுத்த ஓட்டில் பச்சை. கொள்ளை அழகு. நான் காலமெல்லாம் தேடிப் பிடித்து வாங்கிய பீங்கானெல்லாம் எதற்கு என்று தோன்றியது. ரங்கசாமி அண்ணன் மட்டும் இன்னும் அந்த மூன்றாவது கண்ணிலேயே இருந்தார்: "இந்த ஓட்டையை இத்தனை கணக்கா வெக்கத் தெரிஞ்சவன் மட்டும் ஃபவுண்டரி போட்டிருந்தான்னா, நாங்கெல்லாம் எப்பவோ கடையைச் சாத்தியிருப்பமுங்க."

பயணக் களைப்பு

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் செடிகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் சாளைக்குப் போனேன். சாளை என்றால் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீடு. பந்தல் போட்டு, உறவெல்லாம் வந்து இறங்கியிருந்தது. தட்டுகளைப் பந்தலில் வரிசையாக வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தால் விடுவார்களா? இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், பந்தல் தரை முழுக்க ஈரம். அத்தை முறைக்காரர்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு போசியில் தண்ணீர் மொண்டு செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. ஓர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "கோயமுத்தூர்ல இருந்து இத்தனை தூரம் வண்டியில வந்திருக்குதுங்க. தாகமா இருக்காதுங்களா?"

என் முகத்தைப் பார்த்துச் சிந்துவின் அப்பா வந்தார். "ஈரம் ஆகாதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒரு தடவையோடு விட்டால் பிழைக்கும், வருகிறவர்கள் எல்லோரும் ஊற்றினால் கல்யாணத்தன்று தண்டு அழுகி இலை கொட்டிவிடும் என்றேன். சிந்து கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தாள். அவர் குனிந்து ஒரு தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். கண் வழியாகச் சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணை மோந்து பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு அத்தனையையும் கொப்பரைக் கொட்டகைக்கு எடுத்துப்போகச் சொன்னார். நாலு பக்கமும் காற்று வரும், மேலே ஓட்டுக் கூரை, நேர் வெயில் இல்லை. தட்டிகள் மேல் ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளி வைத்தார், அவர் கையாலேயே. வெயில் படும் பக்கம் சாக்கைத் தொங்கவிட்டார். நான் செய்திருந்தால்கூட இவ்வளவு பதமாக வைத்திருக்க மாட்டேன். கொட்டகைப் படலைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "இத்தனை நாளும் செடின்னு நெனச்சுப்போட்டனுங்க. ஈரமே ஆகாம, கொப்பரையாட்டமல்லோ இருக்குது."

பூந்தொட்டி

கிளம்பும்போதுதான் கவனித்தேன். வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள், ரோஜாவும் குரோட்டன்ஸுமாக. சில தொட்டிகளில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. வழியனுப்ப வந்த சிந்துவின் அம்மாவிடம், "அண்ணனுக்குப் பூந்தொட்டின்னா என்னன்னு தெரியாதுன்னு நெனச்சனுங்க" என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இதெல்லாம் யாரு வாங்கியாந்தான்னு நெனைக்கறீங்க? அவருதானுங்க. புள்ள கேட்டதும் ஆகோணும், எங்க தோப்புத் தேங்காயும் சபைக்கு வரோணும். அதை வாயில சொல்ல வெக்கம், தொட்டின்னு சொல்லிப்போட்டாரு."

வாசலில் நின்றவர்

உடுமலையில் மண்டபம். சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்குச் செடி கொடுக்க உறவுப் பெண்கள் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிந்துவின் அப்பாவே வந்து நின்றுகொண்டார். ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, "எங்க தோப்புத் தொட்டிங்க" என்பார். அடுத்த வார்த்தை, "தண்ணி மட்டும் ஊத்திப்போடாதீங்க. மண்ணு காஞ்ச பொறவு ஊத்தினாப் போதுமுங்க." நான் தொண்டை கிழியச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போய் ஊற்றுகிற ஜனம், அவர் சொன்னபோது நின்று கேட்டது. ஒரு பெரியவர் தொட்டியைத் திருப்பிக் கண்ணைப் பார்த்துவிட்டு, "அட, தண்ணி இதுல போயிருமுங்களா" என்று பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். தனக்கே மந்திரி பதவி கொடுத்ததுபோல் சிந்துவின் அப்பா நிமிர்ந்தார். ஒரு செடிகூட இலை கொட்டியிருக்கவில்லை.

கடைசியில் சிந்து மாப்பிள்ளையோடு காரில் ஏற வந்தாள். சுற்றிலும் அழுகை. அவர் அழவில்லை. தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு தொட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அந்த ஓட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், "தண்ணி எச்சா ஊத்திப்போடாத கண்ணு" என்றார். அவள் சரிப்பா என்றாள், கார் நகர்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் என் பக்கம் திரும்பி, தப்புச் செய்துவிட்டவர் மாதிரி சொன்னார்: "வந்தவிங்களைத் தண்ணி குடிங்கன்னு சொல்லிப் பழகுன வாயிங்க அம்மணி இது. புள்ளையை அனுப்பறப்ப சொல்றதுக்கு இது ஒண்ணுதான் வந்துச்சு."

அன்றைக்குச் செடி வாங்கிப்போன அத்தனை பேரும் அவர் சொன்னபடியே வளர்ப்பதால், செத்த செடிக்கு மாற்று வாங்க உடுமலை, தாராபுரம் பக்கத்திலிருந்து இன்றுவரை ஒருத்தர்கூட என் மாடிப்படி ஏறவில்லை.